வாடை அடிக்குதா என்று கேட்டார்

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் கடலேறியவன் என்றால் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போய்ப் பெட்டியோடு திரும்பியவன் என்று அர்த்தம். நானும் மாமாவும் ஏறியது ஒரு சின்னத் தோணி. ஒற்றைப் பாய்மரம், பின்பக்கம் ஓலைப்பாயால் வேய்ந்த ஒரு கூண்டு, நடுவில் சரக்குப் பள்ளம், அவ்வளவுதான். நாகப்பட்டினத்தில் ஏறி, கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டே வடக்கே சென்னைப்பட்டினம் போய்ச் சேருவதாக ஏற்பாடு. அதில் நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாதியிலேயே சிரித்துவிடுவார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிற விஷயம்தான் அது. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்காது.

மாமா என் அக்காவின் புருஷன். தோல் பதனிடும் கிடங்கில் பச்சைத்தோல் வாங்குகிற வேலை. கட்டைவிரலால் அழுத்தி, ஒரு முறை முகர்ந்தால் போதும், எது தேறும் எது தேறாது என்று சொல்லிவிடுவார். "மூக்குதான் நமக்குச் சோறு போடுது மச்சான்" என்பார். கோபமும் அந்த மூக்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். ரயிலில் எவனாவது எங்களைப் பார்த்துத் துண்டால் முகத்தை மூடினால் தீர்ந்தது. "இன்னாய்யா, உன் கால்ல இருக்கிற செருப்பு மரத்துல காய்ச்சுதா?" என்று ஆரம்பித்துவிடுவார். நாற்றம் என்கிற சொல் எங்கள் வீட்டில் கிடையாது. வாடை என்போம். அதுவே எங்களுக்குள் சொல்லிக்கொள்வது. வெளியாள் வாயிலிருந்து அது வந்தால் எனக்குமே சுருக்கென்று இருக்கும்.

அந்த வருஷம் தெற்கே தோல் கம்மி விலைக்குக் கிடைக்கிறது என்று முதலாளி சாயபு எங்கள் இரண்டு பேரையும் நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார். வாங்கிய பிறகு ரயிலில் வேகன் கிடைக்கவில்லை. தோணியில் ஏற்றச் சொல்லித் தந்தி வந்தது. உப்புப் போட்ட பச்சைத்தோலை அப்படியே கட்டிப்போட்டு விட்டுவிட முடியாது. புரட்டவேண்டும், மறுபடி உப்பைத் தேய்க்கவேண்டும். ஆகவே தோலோடு தோலாக நாங்களும் ஏறினோம். புரட்டாசி முடிகிற சமயம். வீட்டில் அக்காவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டலுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய இரண்டு பிள்ளைகள்தான் தோணியில் வேலையாட்கள். துறைமுகத்தில் அவர் நங்கூரம் எடுத்தால்தான் மற்றத் தோணிகள் எடுக்கும். காற்று விஷயத்தில் அந்த மனிதர் ஒரு முறைகூட ஏமாந்ததில்லை என்று கரையில் எல்லோரும் சொன்னார்கள். தோணிக்குச் சொந்தக்காரர் அடுத்த வருஷம் ஒரு புதுத் தோணியை மூத்த பிள்ளையை நம்பிக் கொடுப்பதாக இருந்தார். பிள்ளையின் சாமர்த்தியத்துக்காக இல்லை, அப்பன் பேருக்காக.

ஏறும்போதே தண்டல் சொன்னார்: "காத்து மாறதுக்குள்ள போய்ச் சேந்துடணும் தம்பி. மாறிட்டா வடக்க ஒரு முழம் நவுர முடியாது. கரை நம்மளத் தின்னுடும்."

பிள்ளைகள் இரண்டு பேரும் முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்கள். நாத்தம் நாத்தம் என்று தோணியின் முன்பக்கம் போய்த் தலையை வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். "உங்க கருவாடு மட்டும் சந்தனமாடா?" என்று மாமா இங்கிருந்து கத்துவார். தண்டல் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தோல் கட்டின்மேலேயே உட்கார்ந்து எங்களோடு கஞ்சி குடிப்பார். மாமாவுக்கு அதில் உயிர். "பெரிய மனுசன்னா இவரு" என்று என்னிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார்.

தெற்குக் காற்று இருந்தவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அது விட்டு விட்டு வந்தது, கடைசியில் நின்றே போயிற்று. பாய் தொங்கியது. கடல் எண்ணெய் கொட்டின மாதிரி பளபளத்தது. காற்றே இல்லை, ஆனால் எங்கிருந்தோ நீண்ட அலை வந்து தோணியைத் தூக்கித் தூக்கி வைத்தது. ஊரில் ஏலகிரிப் பக்கம் கறுத்தால் மழை என்று தெரியும். இங்கே வடக்கே அடிவானத்தில் சத்தமே இல்லாத மின்னல், பகலிலும். காலையில் கண்ணில் படுகிற கட்டுமரங்கள் அன்றைக்கு ஒன்றுகூட வெளியே வரவில்லை. பிள்ளைகள் எங்களைக் கேலி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தண்டலுக்குக் காய்ச்சல் கண்டது. பரங்கிப்பேட்டைக்கு வெளியே, வெள்ளாறு கடலில் விழுகிற இடத்துக்கு எதிரே நங்கூரம் போட்டோம். குடிதண்ணீரும் மருந்தும் வாங்கப் பிள்ளைகள் இரண்டு பேரும் சிறு வள்ளத்தில் கரைக்குப் போனார்கள். "காத்து மாறுற மாதிரி தெரிஞ்சா நான் இவங்கள வெச்சே ஆத்துக்குள்ள கொண்டாந்துடறேன்" என்று தண்டல் அவர்களை அனுப்பிவைத்தார். ஆற்றுக்குள் நுழைந்துவிட்டால் பயமில்லை. நுழைய வேண்டியது அலை எழும்புவதற்கு முன்னால்.

மறுநாள் காலை வரைக்கும் பிள்ளைகள் திரும்பவில்லை. நான் சரக்குப் பள்ளத்தில் தோல் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டு கெட ஆரம்பித்திருந்தது. மாமா முகர்ந்து பார்த்துவிட்டு மேலே போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முதுகு தெரிந்தது. கூண்டுக்குள் தண்டல் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் குரல் கேட்டது.

"தம்பி, வாடை அடிக்குதா?"

மாமாவின் முதுகு விறைத்தது. நானும் கையிலிருந்த தோலைக் கீழே போட்டுவிட்டேன். இத்தனை நாள் வாயைத் திறக்காத மனிதர்!

"வாடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க படுங்க" என்றார் மாமா.

"நல்லாப் பாத்தியா?"

"இல்லன்னு சொல்றேன்ல?"

"சரி" என்று தண்டல் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமா பள்ளத்தின் விளிம்புக்கு வந்து குனிந்து, "இவருமா மச்சான்?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு விட்டுப்போயிற்று. அவருடைய கழுத்துத் துண்டு தெற்குப் பக்கமாகப் படபடத்தது. நான் அதைப் பார்த்தேன், எனக்கு அது வெறும் துண்டு.

மதியத்துக்குள் கடல் புரண்டுவிட்டது. நங்கூரக் கயிறு முறுக்கிக்கொண்டு முனகியது. தண்டல் கம்பளியை உதறிவிட்டு வெளியே வந்தார். வடக்கே பார்த்தார், ஆற்று வாயைப் பார்த்தார். அது முழுக்க வெள்ளை நுரை. பிறகு மாமாவைப் பார்த்தார்.

"இல்லன்னியே தம்பி."

கோபமே இல்லை. மாமா என் காதருகே வந்து, "ஜுரத்துல பேசறாரு" என்றார்.

நங்கூரம் இழுபட்டது. தண்டல் எங்களைப் பாயில் கொஞ்சம் மட்டும் ஏற்றச் சொல்லிவிட்டுச் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். எப்படியாவது ஆற்று வாய்க்குள் செருகிவிடப் பார்த்தார். மணல் திட்டில் தோணி இடித்தது. அடுத்த அலை பின்பக்கத்தை அவரோடும் கூண்டோடும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. அவர் கத்தினாரா என்றுகூட எனக்குத் தெரியாது. பாய் கட்டின மரத்தைக் கட்டிக்கொண்டு நாங்கள் கரையில் வந்து விழுந்தோம்.

மறுநாள் சாயங்காலம் உடல் ஒதுங்கியது. மூத்த பிள்ளை அதன் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "வாடை எழும்புனது எங்கப்பனுக்கா தெரியாம போச்சு? ஊருல என்னன்னு சொல்லுவேன்?"

மாமா கேட்டார்: "இன்னாது எழும்புனது?"

"வாடை. வடக்கத்திக் காத்து."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல்காரருக்குத் தன் உடம்பு நடுங்குவது ஜுரத்தாலா குளிர்காற்றாலா என்று தெரியவில்லை. வெளியே இருக்கிறவரைக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

ஊருக்குப் போய்விடலாம் என்று நான் மன்றாடினேன். பரங்கிப்பேட்டையில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் வண்டி மாறினால் காட்பாடி, அங்கிருந்து ஆம்பூர். "ஒரு வார்த்தை பண்ண கூத்துக்கு நீ இன்னா பண்ணுவ மாமா? அக்காவ நெனச்சுப் பாரு." பிள்ளைகள் உடலை வண்டியில் ஏற்றியபோது மாமாவும் பின்னால் நடந்தார். நானும் நடந்தேன்.

நாகப்பட்டினத்தில் தண்டல் வீட்டு வாசலில் தோணிக்காரர்கள் கூடியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள்தான், ஆனால் பேச்செல்லாம் ஒன்றே. காய்ச்சலாக இருந்தாலும் வாடை தெரியாதவன் என்ன தண்டல்? புதுத் தோணியை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகச் சொந்தக்காரர் சொல்லியனுப்பிவிட்டார். தண்டலின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா போய் அவர் முன்னால் நின்றார். "அவரு கேட்டாரும்மா. வாடை அடிக்குதான்னு என்னைத்தான் கேட்டாரு. நான் இல்லன்னுட்டேன்."

"ஏன் இல்லன்ன?" என்றார் அந்த அம்மா.

"எங்க ஊருல வாடைன்னா நாத்தம். தோல் நாத்தத்தச் சொல்றாருன்னு நெனச்சேன்."

கூட்டத்தில் யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். அந்த அம்மா எழுந்தார். மாமாவை வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்து, "இன்னொரு தரம் சொல்லு. தெருக்கோடி வரைக்கும் கேக்கணும்" என்றார். மாமா சொன்னார். "இன்னும் சத்தமா." அவர் தொண்டை கிழியச் சொன்னார். கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கேட்டிருக்கான்யா, கேட்டிருக்கான் என்று தலையசைத்தார்கள். மூத்த பிள்ளை மாமாவை நோக்கி வந்தான். அந்த அம்மா கையை நீட்டி அவனை நிறுத்தினார்.

பிறகு எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "காத்தைப் பத்தி யார் சொன்னாலும் அவரு நம்பமாட்டாரு. பெத்த புள்ளைங்க சொன்னாக்கூட எழுந்து போய்ப் பாப்பாரு. உன்னைய நம்பிப் படுத்திருக்காரு."

மாமாவுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. நான் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.