என்டர் தட்டிய பக்கங்கள்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒரு நகல் கடை. அதற்கு மேல் மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து தருகிற பெண்மணியை மாணவர்கள் ‘நேர்கோடு அக்கா’ என்பார்கள். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. அவள் அடித்த பக்கத்தில் ஓரம் பிசகாது. அத்தியாயத் தலைப்பு புதுப் பக்கத்தின் உச்சியில்தான் நிற்கும். பொருளடக்கத்தில் நாற்பத்தேழு என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நாற்பத்தேழைப் புரட்டலாம். யாராவது போனில் குறை சொன்னால் அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: “என் மெஷின்ல சரியாத்தான் இருக்கு. உங்க மெஷினைப் பாருங்க.” சொன்ன கையோடு போனை வைத்துவிடுவாள். மறுபேச்சுக்கு இடமே கிடையாது.

அப்படிப்பட்டவள் அடித்த ஆய்வேடு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் திரும்பி வந்தது. அதுவும் யாருடையது? சொந்தத் தம்பியுடையது.

தம்பி பள்ளிக்கூட ஆசிரியர். வேலை, இரண்டு பிள்ளைகள், நடுவில் ஓர் அறுவை சிகிச்சை, இத்தனைக்கும் இடையில் கிணற்று நீரைப் பற்றி ஏழு வருடமாக எழுதிக்கொண்டிருந்தான். ஏழு வருடத்துக்கு மேல் பதிவு செல்லாது. அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அதற்குள் ஒப்படைக்காவிட்டால் ஏழு வருடமும் போச்சு. காலையில் பல்கலைக்கழக அலுவலகத்துக்குக் கோப்பை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தவன், ஒரு மணிக்கு முகம் வெளிறிப் படியேறி வந்தான்.

“அக்கா, ஆபீஸ்ல வாங்க மாட்டேங்கறாங்க. இருநூத்திப் பன்னெண்டு பக்கம் அங்கே இருநூத்தி முப்பத்தொண்ணா இருக்காம். மூணாம் அத்தியாயம் பாதிப் பக்கத்துல ஆரம்பிக்குதாம்.”

“என் மெஷின்ல சரியாத்தான் இருக்கு.”

“அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?”

அவளுக்குச் சுருக்கென்றது. அலுவலகம் நான்கு வருடத்துக்கு முன்னால் சிக்கனம் என்று சொல்லி ஓர் இலவச மென்பொருளுக்கு மாறியிருந்தது. அவளுடையது காசு கொடுத்து வாங்கியது. இரண்டுமே ஒரே கோப்பைத் திறக்கும். ஆனால் ஒரே கல்யாணத்தைப் பற்றி இரண்டு சம்பந்தி வீட்டாரும் சொல்வதைப் போல ஆளுக்கொரு மாதிரி காட்டும். பக்கம் அசையாமல் நிற்கிற பிடிஎஃப் ஆக்கித் தருகிறேன் என்றாள். அதெல்லாம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது, திருத்தக்கூடிய கோப்புதான் வேண்டுமாம் என்றான் தம்பி. அவள் அறையைப் பூட்டினாள். நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு.

பதிவு எழுத்தர் வழுக்கைத் தலையும் கயிறு கட்டிய கண்ணாடியுமாக ஒரு தடுப்புக்குப் பின்னால் இருந்தார். இத்தனை வருடத்தில் தெருவைத் தாண்டி அவள் அந்தக் கட்டடத்துக்குள் வந்ததே இல்லை.

“உங்க மெஷின்லதான் கோளாறு,” என்று ஆரம்பித்தாள்.

அவர் திரையை அவள் பக்கம் திருப்பி ஒரு பொத்தானை அழுத்தினார். எழுத்துகளுக்கு நடுவே, வெற்றிடம் முழுக்க, சின்னச் சின்னக் குறிகள் வரிசை வரிசையாக முளைத்தன.

“இது என்ன?”

“நீங்க தட்டின என்டரும்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறி.”

அவள் தொழில் பழகியது தட்டச்சுப் பொறியில். கணினிக்கு மாறிய பிறகும், அத்தியாயம் முடிந்ததும் புதுப் பக்கம் வரும்வரை என்டரைத் தட்டிக்கொண்டே போவாள். பக்கத்தை மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும் என்று யாரோ எப்போதோ சொன்னபோது, என் விரலுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள். அட்டவணைகூட இடைவெளி தட்டித் தட்டி நிறுத்தியதுதான். வேறொரு மென்பொருளில் வரி ஒரு மயிரிழை உயரமானால் போதும்; தட்டிய என்டரெல்லாம் கீழே சரிந்து தலைப்பைப் பக்கத்தின் நடுவயிற்றில் தள்ளிவிடும். இது அவளுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. கோபம் யார்மேல் என்று தெரியாமல் காது சூடானது.

“போன மாசம் புது உத்தரவு. கோப்புல நாங்க கை வைக்கக் கூடாது,” என்றார் எழுத்தர். “நீங்க வேணா இந்த மெஷின்லயே உட்கார்ந்து திருத்துங்க. நான் டிபன் முடிச்சுட்டு வரேன்.”

உட்கார்ந்தாள். தெரியாத மென்பொருள், தெரியாத பட்டியல்கள், தேடியது தேடிய இடத்தில் இல்லை. ஓர் இடத்தில் பத்து என்டரை அழித்தால் இன்னோர் இடத்தில் கிணறுகளின் அட்டவணை காலை உடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தினால் அடிக்குறிப்பு காணாமல் போனது.

“அக்கா, மணி மூணே முக்கால்.”

“வாயை மூடுடா. பக்க எண்ணை மட்டும் படி.”

நாலேகாலுக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம்போல் இருந்தது. “ரெண்டு கம்பெனிக்காரனும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினா தீராதா இது?” என்றாள் திரையைப் பார்த்து.

“பேசமாட்டாங்கம்மா,” என்றார், அதற்குள் திரும்பி வந்திருந்த எழுத்தர்.

நாலே ஐம்பதுக்கு எல்லாம் ஒத்துப்போனது. ரசீதை வாங்கிக்கொண்டு, மனைவிக்குப் போனில் சொல்லத் தம்பி வெளியே ஓடினான். அவள் விரல்களை நீவிக்கொண்டு எழுந்தாள்.

“முன்னெல்லாம் நானே சரி பண்ணிடுவேன்,” என்றார் எழுத்தர், முத்திரையைப் பெட்டியில் வைத்தபடி. “நாலு வருஷமா உங்க அறையிலேர்ந்து வர்றது எல்லாமே இப்படித்தான் திறக்கும். பசங்க பாவம், கடைசி நாள்ல எங்கே போவாங்க. ஒண்ணுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொன்னேனே. முதல் வருஷம் போன் பண்ணினேன். உங்க மெஷினைப் பாருங்கன்னு சொல்லி போனை வெச்சுட்டீங்க.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதைப்போலச் சொன்னார். அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வெளியே தம்பி போனில் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் படிக்கட்டில் நின்று கணக்குப் போட்டாள். வருடத்துக்கு நாற்பது ஆய்வேடாவது இருக்கும். நான்கு வருடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் நேர்கோடு அக்காவாக இருக்க, இந்தப் பக்கம் ஒரு மனுஷன் அவளுடைய என்டரை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று விடுவிடுவென்று திரும்பி உள்ளே போனாள்.

தடுப்பின் கண்ணாடியை இறக்கியாகிவிட்டது. உள்ளே அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியைத் தட்டினாள். நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு குறையோடு வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, மணி ஐந்தாகிவிட்டது, எதுவானாலும் திங்கட்கிழமை வாருங்கள் என்று கையை அசைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.