தருவைகுளம் பஸ்ஸில் ஒரு ஜோடி

ஏறியதும் பெனிஷா துப்பட்டா நுனியால் ஜன்னல் கம்பியைத் துடைக்கிறாள். உப்பும் நிலக்கரித் தூசியும் ஒட்டித் துணி கறுத்துப்போகிறது. கணவன் பிரைட்டன் பக்கத்தில் உட்கார்ந்ததும், பேக்கரியில் மலிவாகக் கிடைக்கும் உடைந்த மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைக்கிறாள். தருவைகுளம் வரை போய், அதே பஸ்ஸில் தூத்துக்குடிக்குத் திரும்புவார்கள். ஞாயிறு சாயங்காலம் இவர்கள் ஊர் சுற்றுவது இப்படித்தான்.

"எனக்கு ஓசி, இவுகளுக்கு மட்டும் டிக்கெட்டு. இதவிடச் சல்லிசா யாரு பொண்டாட்டிய வெளிய கூட்டிட்டுப் போவா?" என்றாள், பின்சீட்டில் வழக்கமாக உட்காரும் என்னிடம்.

மற்ற நாளெல்லாம் அவளுக்கு இறால் கம்பெனி. நின்றுகொண்டே உரிக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்கின்றன. பிரைட்டனுக்குத் துறைமுகத்தில் லாரிகளுக்கு டோக்கன் போடும் வேலை. வீட்டில் இரண்டே அறை; மாமனார், மாமியார், கொழுந்தன், அவன் மனைவி எல்லாரும் அதற்குள்தான். இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்றால் மிக்ஸியைப் போட்டுவிட்டுத்தான் பேச வேண்டுமாம். அவள் இதைச் சிரிக்காமல் சொன்னாள். பிரைட்டன் தலையைக் குனிந்துகொண்டான். கூச்சக்காரன். பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்தாலே, அவள் பிடித்திருக்கும் கையை உருவிக்கொள்வான்.

முன்பெல்லாம் கடற்கரைப் பூங்காவுக்குத்தான் போவார்கள். அனுமதி இலவசம் என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. ஒருநாள் காவலாளி விசிலடித்துக்கொண்டு வந்து, "தாலி எங்க?" என்று கேட்டான். இவர்கள் பெந்தெகொஸ்தே சபை. அங்கே பெண்கள் நகை போடுவதில்லை, தாலியும் கிடையாது. போதகர் இருவருடைய வலதுகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜெபித்தார், அதுதான் கல்யாணம். பெனிஷா எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். அவன் காதிலேயே வாங்கவில்லை. நாலு குடும்பம் வேடிக்கை பார்க்க, இவர்களை மட்டும் பெஞ்சிலிருந்து எழுப்பிவிட்டான்.

கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணின் கழுத்தை எட்டிப் பார்க்கும் உரிமையை இவனுக்கு யார் கொடுத்தது? காசுள்ளவர்கள் ஏசி போட்ட காபிக் கடையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே எந்த விசிலும் ஊதுவதில்லை. ஓசி பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குத்தான் இத்தனை விசாரணை!

கம்பெனியில் உடன் வேலை பார்க்கும் பகவதி, பூங்காவுக்குப் போகும்போது மட்டும் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள், வந்ததும் கழற்றிவிடு என்று யோசனை சொன்னாள். நல்ல மனதோடு சொன்னதுதான். பெனிஷாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"சபைக்கு ஒரு கழுத்து, பூங்காவுக்கு ஒரு கழுத்தாக்கா?"

அதற்குப் பிறகுதான் இந்த பஸ். ஆனால் அவளுடைய கோபமெல்லாம் காவலாளிமேல் மட்டுமில்லை. அன்றைக்கு பிரைட்டன், "ஏளா, விடு, போவோம்" என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துவிட்டானாம்.

"அவன் கேட்டதக்கூட மறந்துருவேன். இவுக என்னைய யாரோ மாதிரி விட்டுட்டுப் போனாகல்லா, அதத்தான் மறக்க முடியல" என்றாள். பிரைட்டன் பக்கத்திலேயே இருந்தான்.

பூங்கா வாசலில் பஸ் நின்றுதான் போகும். அந்த இடம் வந்தால் பெனிஷா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போன ஞாயிறு திருப்பவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதே காவலாளி வாசலில் நின்றான்; அடையாளம் தெரிந்து இவர்களை உற்றுப் பார்த்தான். பெனிஷா பிரைட்டனின் வலதுகையைப் பிடித்து இழுத்து, துடைத்து வைத்திருந்த கம்பிமேல் வைத்தாள். அதன்மேல் தன் வலதுகையை வைத்தாள். பிரைட்டன் ஒருமுறை கையை உருவப் பார்த்தான். அவள் அழுத்திப் பிடித்தாள். பிறகு அவன் உருவவில்லை. பஸ் கிளம்பும்வரை காவலாளிக்கு நேராக அந்த இரண்டு கைகளும் கம்பியிலேயே இருந்தன.