ஸ்விட்ச் வாங்க நான் வைத்த பரீட்சை

எங்கள் சனத்நகர் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் தினமும் மதியம் படுத்துவிடும். கேட் பாஸ் அச்சாகாது. லாரிகள் எர்ரகட்டா வரை வரிசை கட்டும்.

"இன்னிக்கே நல்லதாப் பார்த்து வாங்கிடுங்க" என்று முதலாளி, பர்சேஸ் பார்க்கும் என்னிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்?

இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதலாமவர் டை கட்டி, லேப்டாப்பில் நாற்பது படம் காட்டினார். இரண்டாமவர் ஒரு பெட்டியும் ஒரு தாளும் கொண்டுவந்தார்.

சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அக்கா மகள் ரேவதி, எனக்கு உதவ லீவு போட்டு வந்து, போர்ட், ஸ்பீடு என்று அட்டவணை போட்டாள். நானோ, இருவருடைய சர்வீஸ் நம்பரையும் அவர்கள் எதிரிலேயே அழைத்தேன்.

முதல் நம்பரில் பாட்டு. ஒரு கச்சேரியே முடிந்தது; ஆள் வரவில்லை.

இரண்டாவது நம்பர், எதிரே இருந்தவரின் சட்டைப் பையிலேயே அடித்தது. என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்து, "சர்வீஸ் டிபார்ட்மென்ட், செப்பண்டி சார்" என்று தெலுங்கில் விசாரித்தார்.

"மாமா, அந்தக் கம்பெனியே அவர் ஒருத்தர்தானுங்க!" என்று கிசுகிசுத்தாள் ரேவதி.

"அதுதான் கண்ணு வேணும். ரிப்பேர்னா யார் சட்டையப் பிடிக்கிறதுன்னு தெளிவா இருக்குதில்ல?"

இப்போது அவர் ஏணிமேல் நின்று ஸ்விட்ச் மாட்டுகிறார். கீழேயிருந்து இன்னொரு தடவை அழைத்துப் பார்த்தேன். எடுத்தார்.

உங்கள் ஆபீஸில் அழைத்தால் யார் எடுக்கிறார்கள்?