தூண் ஓடிய ஆட்டம்

எங்கள் கடைத்தெரு கிரிக்கெட் அணியில் என் அக்கா கணவருக்குத் ‘தூண்’ என்று பட்டப்பெயர். பெருமையாக வைத்த பெயர் என்று மாமா நினைத்துக்கொண்டிருக்கிறார். நாங்களும் திருத்தவில்லை. தொழில் தையல். அணியில் எல்லோருக்கும் வெள்ளைக் கால்சட்டை தைப்பவர், தன்னுடையதை மட்டும் யாருக்கும் தெரியாமல் பிரித்து, இடுப்பைத் தளர்த்திக்கொள்வார்.

அக்கா பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஹாக்கி ஆடியவள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தால் போதும், தட்டில் இருப்பது ஆறும்வரை இதே சண்டைதான்.

“ஹாக்கில ஒரு நிமிஷம் சும்மா நின்னா, வெளிய கூப்பிட்டு உக்கார வெச்சிடுவாங்க. உங்க ஆட்டத்துல சும்மா நிக்கிறதுக்குப் பேரே ஃபீல்டிங்!”

“கண்ணும் மணிக்கட்டும் இருந்தா கிரிக்கெட்டுக்குப் போதும். ஓடறதுக்குக் குதிரை இருக்கு.”

“வெயில்ல நாள் முழுக்க நின்னுட்டு, கடைசில வேகமா ரெண்டு ரன் ஓடிப் பாருங்க. உடம்பு வேணுமா வேண்டாமான்னு அப்பத் தெரியும்.”

இந்த இடத்தில் அக்காவின் குரல் இறங்கிவிடும். முன்பெல்லாம் நன்றாக ஓடியவர்தான் மாமா. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதோடு சரி. “தாராளமா ஓடலாம்” என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. மாமாவுக்குத்தான் அந்தக் காலின்மேல் நம்பிக்கை வரவில்லை. மாடிப்படியில் அதை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி பார்த்துப் பார்த்து ஏற்றுவார். பயம் என்று ஒப்புக்கொள்ள மனசில்லாமல், கிரிக்கெட்டுக்கு உடம்பே வேண்டாம் என்று சாதித்துக்கொண்டிருந்தார். இப்படியே நாற்காலியோடு ஒட்டிக்கொண்டுவிடுவாரோ என்று அக்காவுக்குக் கவலை. எனக்கும்தான்.

பஸ் டிப்போ அணியோடு ஆட்டம். எங்களிடம் ஆள் பஞ்சம், அதனால் அக்காவும் ஆடினாள். அவளும் நானும் சீக்கிரமே அவுட். மட்டை பிடிக்கிற அணியே அம்பயரையும் தர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நான் மட்டையாளருக்குப் பக்கவாட்டில் அம்பயராக நின்றேன்.

மாமா இறங்கியதும் டிப்போ கேப்டன் பெருந்தன்மையாக ரன்னர் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாமா அடிப்பார், அவருக்குப் பதில் அக்கா ஓடுவாள். ஒரே நிபந்தனை, மாமா தன் கோட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அவர் வெளியே இருக்கும்போது கீப்பர் பக்க ஸ்டம்பைத் தட்டிவிட்டால் அவுட், ஓடிய ரன்னும் செல்லாது. நிற்பது மாமாவுக்குக் கைவந்த கலையாயிற்றே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று இருந்தேன்.

கடைசிப் பந்து. ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும். மாமா மணிக்கட்டைத் திருப்பினார், பந்து இரண்டு பேருக்கு நடுவே பறந்தது. “ஓடு!” என்று யாரோ கத்தினார்கள். அக்கா சிட்டாய்ப் பறந்தாள். போய்த் திரும்பி, மட்டையைக் கோட்டுக்குள் நீட்டி, “ஜெயிச்சாச்சு!” என்று குதித்தாள். அதே நேரம் பந்து வந்து சேர்ந்தது. கீப்பர் நிதானமாக ஸ்டம்பைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எதற்குச் சிரிக்கிறார் என்று புரியாமல் மாமாவைத் தேடினேன். இருக்க வேண்டிய இடத்தில் ஆளைக் காணோம். எதிர்க்கோடியில், பந்து போட்டவரைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு விரலைத் தூக்கினேன்.

எங்கள் கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார். “உங்களை யாரு ஓடச் சொன்னது?”

“யாரும் சொல்லல. காலு ஓடுச்சு, நான் கூடப் போனேன்.”

அதற்குள் அக்கா டிப்போ ஆட்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, “அவர் ஓடினாரு, பாத்தீங்களா? ஓடினாரு!” என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயித்தது தாங்கள்தானா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

“ஹாக்கில ஓடலைன்னா தோப்பாங்க. கிரிக்கெட்டுல ஓடினதால தோத்தோம்” என்றார் மாமா. “இதைத்தானே இத்தனை நாளா சொல்றேன்?”

“சொன்னீங்க, சொன்னீங்க” என்று அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

மூட்டை கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது எங்கள் பஸ் நகரத் தொடங்கியிருந்தது. அக்கா ஓட வாகாகச் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். நிமிர்ந்தபோது பக்கத்தில் மாமா இல்லை. பஸ்ஸை எட்டிப்பிடித்து, அதன் பக்கவாட்டில் ஓங்கித் தட்டிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க! என் பொண்டாட்டி பின்னால வர்றா!”