நுரைக்காத பால்

அந்த நாளில் எனக்கு எழுத்து என்றால் என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். இப்போது இதையும் நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். ஆனால் அடுப்படி வேலையில் என்னைக் குறை சொன்னவர் எங்கள் எஸ்டேட்டில் யாரும் இல்லை, அந்த மெஷின் வரும்வரை.

எழுபதுகளில் நடந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சரிவில் சறுக்கி விழுந்து என் முதல் கர்ப்பம் கலைந்துபோனது. அதற்கப்புறம்தான் மானேஜர் பங்களா அடுப்படியில் எனக்கு வேலை கிடைத்தது. மறுபடி வயிற்றில் பிள்ளை, ஐந்தாம் மாதம். பங்களா வேலை போனால் திரும்பவும் அந்தச் சரிவுதான்.

மானேஜர் சம்சாரத்தைத் துரைசாணி என்போம், எர்ணாகுளத்துக்காரி. அவர் அண்ணன் சீமையிலிருந்து ஒரு காப்பி மெஷின் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பக்கவாட்டில் பாலை நுரைக்க வைக்க ஒரு மெல்லிய குழாய். திருகைத் திறந்தால் அதிலிருந்து ஆவி சீறும். ஃபிரிட்ஜிலிருந்து பாலை எடுத்து, குழாய் நுனியைப் பாலுக்குள் லேசாக முக்கி, துரைசாணி ஒரு தடவை செய்து காட்டினார். பால் வெண்ணெய்போல் பொங்கி வந்தது. எனக்கு அதிசயமாக இல்லை, பகீரென்றிருந்தது. அது காய்ச்சாத பால்! எங்கள் வழக்கத்தில் பச்சைப்பால் பாம்புப் புற்றுக்கு ஊற்றுவது, சுடுகாட்டில் ஊற்றுவது. பிள்ளையைச் சுமந்துகொண்டு அதை எப்படி ஒரு மனுஷருக்குக் குடிக்கக் கொடுப்பேன்?

அதனால் யாரிடமும் சொல்லாமல் பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு குழாயடியில் பிடித்தேன். மெஷின் வீறிட்டது. பால் கொதித்துச் சுவரெல்லாம் தெறித்ததே தவிர நுரை கட்டவில்லை.

வயசான பட்லர் வாசலில் நின்று சிரித்தார். "என்ன தாயி, அது உன்னயப் பாத்துக் கத்துதா, நீ அதப் பாத்துக் கத்துதியா?"

"சிரிக்காதீய மாமா. ஒரு பழந்துணி எடுத்துத் தாங்க, செவரத் தொடைக்கணும்."

மறுநாளும் அதே கதை. துரைசாணி கோப்பையை எட்டிப் பார்த்தார். "எந்தா இது? நுரை எவிடே? ஞாயிறாழ்ச்ச கெஸ்ட் வரும். நீ செய்யாட்டா வேற ஆளை நோக்கணும், கேட்டோ?"

அன்று லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது சரிவைப் பார்க்காமல் தலையைக் குனிந்தே நடந்தேன். துரைசாணி எடுத்த பாலுக்கும் என் பாலுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். அது பச்சை, அது குளிர்ச்சி. பச்சைப்பால் என்னால் ஆகாது. குளிர்ச்சி ஆகுமே.

ஃபிரிட்ஜ் சாவி துரைசாணி இடுப்பில் இருக்கும், கேட்கப் பயம். பங்களாவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் தண்ணீர் விரலை மரக்கச் செய்யும். ஞாயிறன்று விடிந்ததும் பாலைக் காய்ச்சி, செம்போடு அதில் இறக்கி வைத்தேன். ஆறியதும் பாலாடையை எடுத்துவிட்டு மெஷின் குழாயடியில் பிடித்தேன். வீறிடல் இல்லை, புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நுரை ஏறியது. கோப்பைகள் முன்னறைக்குப் போயின.

பட்லர் அரக்கப்பரக்க வந்தார். "எல்லாரும் இன்னொரு தரம் கேக்காவ தாயி, சீக்கிரம்!"

குளிர்ந்த பால் தீர்ந்திருந்தது. அடுப்பிலிருந்த பாலோ கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் துரைசாணி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பச்சைப்பால் ஒரு ஜாடி நிறைய இருந்தது, யாருக்கும் தெரியப் போவதில்லை. என் கை அதன் பக்கம் போகவில்லை. கொதிக்கும் செம்பைத் துணியால் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தேன், ஓட வயிறு விடவில்லை. தண்ணீரில் செம்பை இறக்கிக் கரண்டியால் ஆற்றினேன். ஆறுவேனா என்றது பால்.

"எந்தா செய்யுந்நே இவிடே?"

பின்வாசல் படியில் துரைசாணி நின்றுகொண்டிருந்தார். எழுந்திருக்கவும் முடியவில்லை எனக்கு. "காய்ச்சாத பால நான் ஆருக்கும் குடுக்க மாட்டேம்மா. வேலய விட்டு நிப்பாட்டினாலும் சரி," என்றேன். சொல்லிவிட்டுக் கரண்டியை விடாமல் சுழற்றினேன்.

அவர் செம்பைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டே சொன்னார்:

"கெஸ்ட் இத்திரி நேரம் காத்திருக்கட்டும். நாளை முதல் காலையிலே காய்ச்சி ஃபிரிட்ஜில வெக்கணும், மனசிலாயோ?"

மனசிலாயிற்று. நாளைக்கும் நான் வர வேண்டும். பால் ஆறும்வரை அங்கேயே குந்தியிருந்தேன்.