விடுங்கன்னா எதை விடுறது?

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கிளினிக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வரிசையைத் தாண்டி வந்து "ஒரு நிமிஷம்தான் சிஸ்டர்" என்று சொல்பவர்களுக்கு என் குரல் நன்றாகத் தெரியும். வீட்டில் மட்டும் அந்தக் குரல் எடுபடாது. என் வீட்டுக்காரர் நல்லவர், சத்தியமாக நல்லவர். ஆனால் நான் ஜாடி மூடியைத் திருகினால் "விடு, நான் பார்த்துக்கறேன்" என்பார். கார் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்தால் "விடு விடு" என்பார். அவருக்கு அது அன்பு. எனக்கு அது எரிச்சல்.

மீன்பிடிக்கும் கிறுக்கும் அவரிடமிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. கடலுக்குள் நீளும் பிடோக் ஜெட்டிப் பாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தூண்டிலில் முதல் முறையாக ஏதோ கனமாக மாட்டியது. ராடு வளைந்ததும் "விடு விடு, நான் பார்த்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டார். மீன் மேலே வந்தபோது அது அவர் மீன் ஆகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. ஒரே ஒரு மீனை, தலை முதல் வால் வரை, நானே பிடித்துக் காட்ட வேண்டும் என்று அன்று மனசில் எழுந்த வெறி இருக்கிறதே, அப்பப்பா!

அதனால்தான் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் அவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு படகை வாடகைக்கு எடுத்து, தங்களுக்குள் சின்னப் போட்டி வைக்கப் போகிறார்கள் என்றதும் "நானும் வரேன்" என்றேன். போட்டிக்கு வெளிநாட்டுப் போட்டிகளில் இருக்கிற விதிகளை அப்படியே வைத்திருந்தார்கள். அதில் ஒரு விதியைப் படித்ததும் எனக்கு வாயெல்லாம் பல். மீன் மாட்டிய நிமிஷத்திலிருந்து வேறு யாரும் ராடையோ ரீலையோ தொடக் கூடாது. தொட்டால் அந்த மீன் கணக்கில்லை. ஆகா, இப்படி ஒரு விதியை யார் எழுதினாரோ, அவர் பெண்டாட்டிக்கு என் வணக்கம்.

படகின் கேப்டனும் கைடும் ஒரே ஆள்தான். நாற்பது வயது இருக்கும், தமிழ் முஸ்லிம், சிரித்த முகம். கிளம்பும் முன்னால் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு வகுப்பே எடுத்தார்.

"லைஃப் ஜாக்கெட்டக் கழட்டக் கூடாது லா. கப்பல் போற பாதையில நிக்க மாட்டேன், கடல் பூங்காப் பக்கம் லைன் போட விடமாட்டேன், எல்லைக்கோட்டத் தாண்ட மாட்டேன். அங்கதான் மீன் இருக்குன்னு யாராவது கெஞ்சினாலும் கெடையாது. சின்ன மீன் திரும்பக் கடலுக்குத்தான் போகும்."

"நீங்க மீன் பிடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"என் படகுல நான் தூண்டில் போட மாட்டேன் அக்கா. நான் பிடிச்சா உங்க மீனத் திருடின மாதிரி. மீன் இருக்கற இடத்தக் காட்டுவேன், எப்படின்னு சொல்லுவேன். கடைசில மீன் பக்கத்துல வந்தா நூல் முனையில இருக்கற கம்பியப் பிடிச்சுத் தூக்குவேன். அதுக்கு விதியில இடம் இருக்கு. ராடத் தொட மாட்டேன்."

அந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

தெற்குத் தீவுகளைத் தாண்டி நீரோட்டத்தில் படகை மிதக்க விட்டார். உயிருள்ள சின்ன மீனை இரையாகக் கோத்துக் கொடுத்தார். தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன, வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருவர் ஒரு குட்டிக் கெராப்பு மீன், நம்ம ஊர்க் களவா, பிடித்தார். அளந்து பார்த்து அதைக் கடலுக்கே அனுப்பிவிட்டார் கைடு. நான் ராடை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திடீரென்று ரீல் அலறியது. நூல் சரசரவென்று ஓடுகிறது, ராடு வில்லாக வளைகிறது, என் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பின்னாலிருந்து கைடு கத்தினார்.

"விடுங்க அக்கா! விடுங்க!"

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இவரும் அதே ஜாதியா! ராடைத் தொட மாட்டேன் என்று காலையில் பேசிய பேச்சென்ன, இப்போது விடு என்று கேட்பதென்ன! ராடை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓடுகிற ரீலை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தேன்.

"விட மாட்டேன்!"

"விடுங்கக்கா, ஐயோ!"

"செத்தாலும் விட மாட்டேன்யா!"

டப். நூல் அறுந்தது. நான் பின்னால் தடுமாறிப் போய் ஐஸ் பெட்டி மேல் பொத்தென்று விழுந்தேன். திரும்பிப் பார்த்தால், கைடு என்னிடமிருந்து ஆறடி தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நான் ராடக் கேக்கல அக்கா," என்றார் மெதுவாக. "நூல விடச் சொன்னேன். தெங்கிரி, நம்ம வஞ்சிரம். முதல் ஓட்டத்த அமுக்கினா அறுத்துட்டுப் போயிடும். ஓட விட்டாத்தான் களைக்கும்."

மானம் கப்பலேறியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எங்க வீட்டுல விடுன்னா கையிலிருந்து பிடுங்கப் போறாங்கன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டேன். நாலு நண்பர்களும் ஹோவென்று சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைடு புது நூல் கட்டிக்கொண்டே கேட்டார். "அப்ப நான் உங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

கொஞ்சம் யோசித்தேன். "ஓடட்டும்னு சொல்லுங்க."

"ஓகே லா. ஓடட்டும்."

இரண்டாவது மீன் வரும் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. மணி பதினொன்றைத் தாண்டியது. இன்னும் ஒரு சுற்றுதான், நீரோட்டம் மாறப் போகிறது என்றார் கைடு. எல்லாரும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரீல் மறுபடி அலறியது. என் ரீல்!

"வி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார் மனிதர். "ஓடட்டும் அக்கா! ஓடட்டும்! ஓடட்டும்!"

ஓடியது! அடேயப்பா, என்ன ஓட்டம்! மற்றவர்கள் சடசடவென்று தங்கள் நூலைச் சுற்றி எடுத்து வழி விட்டார்கள். மீன் நின்றது. "இப்ப சுத்துங்க." சுற்றினேன். மறுபடி ஓடியது. "ஓடட்டும்." திடீரென்று படகுக்கு அடியில் பாய்ந்தது. ராடு முனையைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டு, படகின் முன்முனையைச் சுற்றி நண்டு மாதிரி நடந்து மறுபக்கம் போனேன். கைடு இஞ்சினைத் தட்டிப் படகைத் திருப்பித் திருப்பி மீனை எனக்கு நேரே வைத்துக்கொடுத்தார். வாய் மட்டும் ஓயவில்லை. சுத்துங்க, நிறுத்துங்க, தூக்குங்க, ஓடட்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இடது கை மரத்துவிட்டது. ராடின் அடிக்கட்டை இடுப்பில் குத்தியது. ராடு கையிலிருந்து வழுக்குகிறது என்று எனக்கே தெரிந்தது. "முடியல," என்று கத்தினேன். "முடியலைங்க!"

என் வீட்டுக்காரர் எழுந்து ஒரே பாய்ச்சலில் வந்தார். அவர் விரல்கள் ராடுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. ஸ்டியரிங்கில் நின்ற கைடால் அவரைக் கையால் தடுக்க முடியாது, அங்கிருந்தே கத்தினார்.

"அண்ணே! தொட்டா அது அக்கா மீன் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பேச மூச்சில்லை, தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று. மனிதர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். பின்னால் போய்ப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். கைகளை நம்ப முடியாமல் அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்! "சுத்தும்மா," என்றார். "சுத்து. கொஞ்சம்தான்."

எங்கிருந்து தெம்பு வந்ததோ, சுற்றினேன். தண்ணீருக்குள் வெள்ளியாகப் பளிச்சிட்டது. கைடு குனிந்து முனைக் கம்பியைப் பிடித்தார், கொக்கிக் கம்பால் மீனை மாட்டினார், ஒரே தூக்கு. என் கையைவிட நீளமான வஞ்சிரம் படகுத் தரையில் துடித்தது. நான் அலறிய அலறல் பாத்தாம் தீவு வரைக்கும் கேட்டிருக்கும்.

கைடு அளந்துவிட்டு, போட்டி அட்டையை எடுத்துக்கொண்டு, கோர்ட்டில் கேட்பது மாதிரி கேட்டார். "வேற யாராவது ராடத் தொட்டீங்களா?"

"இல்ல," என்று எல்லாரையும் முந்திக்கொண்டு சொன்னது என் வீட்டுக்காரர்.

மதியம் இன்னொருவர் அதைவிடப் பெரிய மீன் பிடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டுமே!

சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டுக்காக நின்றோம். ஐஸ் பெட்டி அவர் கையில் இருந்தது, என் கைகள் காபிக் கோப்பையைக்கூடத் தூக்குகிற நிலையில் இல்லை. மேல்மாடியில் இருக்கிற தமிழ்க்காரர் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா! அண்ணே, கலக்கிட்டீங்க!"

"நாங்கதான் பிடிச்சோம்" என்று ஏதாவது வரும், ஒரு வாங்கு வாங்கலாம் என்று நான் தயாராகத்தான் இருந்தேன்.

"நான் இல்லீங்க, இவங்க பிடிச்சது," என்றார் என் வீட்டுக்காரர். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதுதான் அன்றைய பெரிய சாதனை என்பது போல, "நான் தொடக்கூட இல்ல," என்றார்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவ்வளவு கஷ்டமான ஒன்றை அவர் எனக்காகச் செய்து நான் பார்த்ததே இல்லை.