அண்ணன் ரசித்த கிழவர்

எங்கள் அண்ணன் சேவூரில் ஒரு நெசவுக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அப்பா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பை விட்டுவிட்டு ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். தங்கைகள் எங்கள் இருவரையும் கரையேற்றியவர் அவர்தான். அதற்காகக் கோபமே அறியாதவர் என்று நான் எழுதினால் அண்ணியே சிரித்துவிடுவார். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் அன்று வீடு இரண்டுபடும்.

அப்படிப்பட்டவர் உயிராக ரசித்தது ஒரு பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படம். ஆங்கிலம் அவருக்கு அரைகுறைதான். மாமனாராக வரும் முதிய நடிகருக்காகவே அதைப் போட்டுப் பார்ப்பார். புது மருமகள் சமைத்த முதல் விருந்தில் உப்பைக் கொட்டியிருப்பாள். கிழவர் ஒரு வாய் வைப்பார். கண் கலங்கும், விழுங்கியது தொண்டையில் பாதியில் நிற்கும், முகம் மட்டும் அசையாது. மருமகள் திரும்பிப் பார்த்ததும் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அண்ணன் அதட்டுவார்.

“சும்மா சிரிச்சிகினே இருக்காதீங்க. அந்தப் பொண்ணைப் பார்த்து ஒருத்தராவது சிரிக்கிறீங்களா? எல்லாச் சிரிப்பையும் தன் மேல வாங்கிக்கிறான் பாரு, அவன்தான் ஆக்டரு.”

அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தேசூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் புடவைத் தட்டோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கடைகடையாக ஏறி ஆசையாக எடுத்த புடவை. ஆரணி வீட்டுக்குப் பட்டு வந்தால் தொட்டுப் பார்க்காமல் யார் விடுவார்கள்? முதலில் தொட்டவர் எங்கள் சித்தப்பா.

“இன்னாப்பா, பட்டுதானா இது?” என்று சபையிலேயே கேட்டுவிட்டார்.

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. கல்யாணம் இங்கேயே நின்றுவிடுமோ என்று பயந்தேன். எல்லோரும் அண்ணனையே பார்த்தார்கள். அவர் புடவையை வாங்கித் தடவினார். கலப்பு நூல் என்று தொட்டதுமே தெரிந்திருக்கும்.

“நல்ல பட்டு, சித்தப்பா. எனக்குத்தான் பேஜாரா கீது. இத்தனை வருசமா கடையில நின்னுகினு கீறேன், இந்தக் கலரு ஒண்ணு என் கண்ணுல படலியே. இனிமே எவன் என்கிட்ட புடவை வாங்குவான்?”

சபை சிரித்தது. பெண் அதையே கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அன்று என் அண்ணனைப் போல ஒரு நடிகர் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன்.

நோயில் அண்ணன் படுத்துவிட்ட கடைசி நாட்களில் அண்ணிக்குத் துணையாக ஆஸ்பத்திரியிலேயே தங்கியவர் அந்தச் சம்பந்தி அம்மாள். காரியம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னார்.

“கடைக்காரன் ஏமாத்திட்டான்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. உங்க அண்ணன் என்னிக்காவது சொல்லிக் காட்டுவாருன்னு பயந்துகினே இருந்தேன். கண்ணை மூடற வரைக்கும் சொல்லலிங்க. இதை நீங்க அவரோட நினைவு மலர்ல எழுதணும்.”

அவருக்கும், வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த கடை நண்பர்களுக்கும், இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில் வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சம்பந்தி அம்மாள் கேட்டதற்காகத்தான் இதை எழுதினேன். அண்ணன் இருந்திருந்தால் அச்சேற விட்டிருக்க மாட்டார்.